இடது தொடை எரிச்சலும் ஒரு மொபைல் போனும்: நிகழ்வு ஆய்வு

நோயாளி 46 வயது ஆண். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் பம்பாய் வந்த குடும்பம். தாராவியில் பிறந்து வளர்ந்தவர், இப்போது மும்பைக்கு வெளியே கல்யாணில் வீடு. தாராவியில் ஒரு தோல் பட்டறைக்கு பெல்ட், பர்ஸ், லேப்டாப் பை என்று ஆர்டர் பிடித்துத் தருவது வேலை. காலையில் லோக்கல் ரயில் ஏறி, தாராவிக்குப் பக்கத்திலுள்ள சயான், பகலெல்லாம் கடை கடையாக அலைச்சல், இரவு மறுபடி லோக்கல். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டிவிடும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். என்னிடம் வருகிறவர்கள் வழக்கமாக "இங்கே வலிக்குது" என்று தொடங்குவார்கள். இவர் தீர்ப்போடு வந்தார்.

"டாக்டரம்மா, போன் அலை என் காலைத் தின்னுட்டு இருக்கு. அதை நிறுத்த ஏதாவது வழி உண்டா?"

இடது தொடையின் வெளிப்பக்கம் எரிச்சல். பேன்ட் பாக்கெட்டுக்குக் கொஞ்சம் கீழே தொடங்கி, முட்டிக்கு நாலு விரல் மேலே முடிகிறது. ஜூனில் மழை தொடங்கிய சமயத்தில் வெறும் எறும்பு ஊர்கிற உணர்வு. ஆகஸ்ட் வாக்கில் மிளகாய் அரைத்த கையை வைத்தது போல ஆகிவிட்டது என்றார். நடுவில் உள்ளங்கை அளவு இடம் மரத்துப்போயிருக்கிறது. துணி உரசினால் எரிகிறது, கிள்ளினால் தெரியவில்லை. சாயந்திரம் ஆக ஆக ஏறும். பத்துக்கு எவ்வளவு என்று கேட்டதற்கு, வீடு போய்ச் சேரும்போது ஏழு என்றார்.

அந்த இடது பாக்கெட்டில்தான் போன். ஆர்டர் எடுக்கிற போன் என்பதால் அது எப்போதும் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கான இன்னொரு போன் பையில்.

கூட வந்த மதினி போனுக்கு எதிராக வலுவான சாட்சி வைத்திருந்தார். "ஞாயித்துக்கிழமை இவுக போனை அணைச்சு அலமாரில வச்சிருவாக. அன்னைக்கு ஒரு வலியும் கிடையாது. திங்கக்கிழமை போனை எடுத்துக்கிட்டுப் போனாகன்னா சாயங்காலம் காலைப் பிடிச்சுக்கிட்டு வாராக. அப்ப வேற என்ன காரணம் சொல்லுங்க?"

இது அசட்டுத்தனமான வாதம் அல்ல. ஒன்று இருக்கும்போது வலி, இல்லாதபோது வலி இல்லை. மருத்துவமும் பல காரணங்களை இப்படித்தான் கண்டுபிடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனோடு சேர்த்து வேறு என்னவெல்லாம் அவர் இடுப்பை விட்டுப் போகிறது என்பதை மட்டும்தான் இன்னும் யாரும் கேட்கவில்லை.

என்னிடம் வருமுன் வேறொரு இடத்தில் முதுகெலும்புக்கு எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தார்கள். இடுப்பின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டு லேசாகப் பிதுங்கியிருப்பதாக ரிப்போர்ட். அதை நம்பி இழுவை சிகிச்சையும் நரம்பு மாத்திரையும் நடந்திருக்கின்றன. பலன் இல்லை, தூக்கம்தான் வந்தது. அந்த ரிப்போர்ட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதுகு வலியே இல்லாத ஆட்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015 ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு வட்டுப் பிதுக்கம் இருந்தது. 50 வயதில் அது 60 சதவீதம். வட்டு பிதுங்கியிருப்பதாலேயே அது குற்றவாளி ஆகிவிடாது. இன்னொரு விஷயம், அந்த இடத்தில் நசுங்கும் நரம்பு வலியைக் கீழ்க்காலுக்கும் பாதத்துக்கும் அனுப்பும். இவருக்கு முட்டிக்குக் கீழே ஒரு தொந்தரவும் இல்லை.

பரிசோதனை

படுக்கவைத்து, காலை நீட்டியபடி தூக்கிப் பார்த்தேன். பின்கால் நரம்பு பிடிக்கவில்லை. குப்புறப் படுக்கவைத்து முட்டியை மடக்கினேன், தொடையின் முன்பக்கம் இழுப்பு இல்லை. தசை வலு இரண்டு காலிலும் சமம். முட்டிச் சுத்தியலுக்குக் கால் சரியாக உதைத்தது. தொடு உணர்வு மட்டும் வெளித்தொடையில் ஒரு நீளமான முட்டை வடிவப் பகுதியில் குறைவு. அதன் எல்லையைப் பேனாவால் வரைந்து அவரிடமே காட்டினேன்.

உணர்ச்சி குறைந்த ஒரு திட்டு என்றால் நம் நாட்டில் தொழுநோயை நினைக்காமல் விடக்கூடாது. தோலின் நிறம் மாறியிருக்கிறதா, நரம்பு கயிறு மாதிரித் தடித்திருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. சரும மருத்துவர் ஒருவரும் பார்த்து உறுதி செய்தார். அக்கி வருவதற்கு முன்னும் இப்படி எரியும், ஆனால் மாதக்கணக்கில் கொப்புளமே வராமல் எரிந்துகொண்டிருக்காது. காய்ச்சல், எடைக் குறைவு, ராத்திரியில் எழுப்பும் வலி, சிறுநீர்ச் சிக்கல் எதுவும் இல்லை. சர்க்கரை அளவைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.1. சர்க்கரை நோய் அல்ல, ஆனால் வாசல்வரை வந்துவிட்டது. இடுப்புச் சுற்றளவு 104 சென்டிமீட்டர். இந்திய ஆண்களுக்கு 90 தாண்டினாலே கவனிக்க வேண்டும்.

அப்புறம் பெல்ட்டைப் பார்த்தேன். பட்டறைச் சரக்கு, அகலமான கெட்டித் தோல், கனமான பக்கிள். தொப்பை அதன்மேல் வழிந்து உட்கார்ந்திருந்தது. கழற்றச் சொன்னேன். இடுப்பெலும்பின் முன்முனையை ஒட்டி, இடது பக்கம் சிவந்த தடம். அந்தத் தடத்துக்கு நேர் கீழே விரலால் தட்டியதும் "அங்கதான், அங்கதான்" என்று துள்ளினார். தட்டியது இடுப்பில், சுரீரென்றது தொடையில்.

இடுப்புத் தண்டுவடத்தின் இரண்டாம், மூன்றாம் வேர்களிலிருந்து ஒரு தோல் நரம்பு கிளம்பி, இடுப்பெலும்பின் முன்முனைக்குப் பக்கத்தில், கவட்டையில் குறுக்கே ஓடும் தசைநாருக்கு அடியில் நுழைந்து, வெளித்தொடைத் தோலுக்குப் போகிறது. அதற்கு ஒரே வேலை, உணர்ச்சி. ஒரு தசையைக்கூட அது அசைப்பதில்லை. அதனால் அது நசுங்கினால் எரியும், மரக்கும், ஆனால் கால் வலுவிழக்காது. இதற்கு மெரால்ஜியா பாரெஸ்தெடிகா என்று பெயர். 1895 இல் பெர்ன்ஹார்ட்டும் ரோத்தும் தனித்தனியே இதை விவரித்தார்கள். அதே ஆண்டில் சிக்மண்ட் ஃப்ராய்டும் தனக்கே இந்தத் தொல்லை இருந்ததை வைத்து எழுதினார். இறுக்கமான பெல்ட், கருவிகள் தொங்கும் இடுப்புப் பட்டை, கர்ப்பம், தொப்பை, சர்க்கரை எல்லாம் இதன் வழக்கமான கூட்டாளிகள். மொபைல் போன் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே மனிதர்களுக்கு இருந்த வலி இது.

நல்ல பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேலே இருக்கும் இடுப்பெலும்பை 45 விநாடி கீழ்நோக்கி அழுத்தும் ஒரு சோதனை உண்டு. அழுத்தும்போது அந்தத் தசைநார் தளர்ந்து, நரம்புக்கு இடம் கிடைக்கும். இவருக்கு எரிச்சல் பாதியாகக் குறைந்தது. நோய் எது என்பதில் எனக்கு அதற்குமேல் சந்தேகம் இல்லை.

சந்தேகம் போன் மேல்தான். மெரால்ஜியா வந்தவர்களுக்குப் பெரும்பாலும் நின்றால் நடந்தால் கூடும், உட்கார்ந்தால் குறையும். இவர் ஆட்டோவில் உட்கார்ந்தாலும் குறையவில்லை, சில நாள் கூடவே செய்கிறது என்றார். ஆனால் வீட்டில் உட்கார்ந்தால் குறைகிறது. வீட்டில் என்ன உடுத்துவீர்கள் என்று கேட்டேன்.

"லுங்கிதான், வேற என்ன?"

பெல்ட் இல்லை, பாக்கெட் இல்லை. மதினி சொன்ன ஞாயிற்றுக்கிழமையும் லுங்கி நாள்தான். பேன்ட்டோடு போனைப் பாக்கெட்டில் வைத்து நாற்காலியில் உட்காரச் சொல்லிப் பார்த்தேன். தொடை மடங்கியதும் போனின் மேல்முனை எழும்பி, பெல்ட்டுக்கும் இடுப்பெலும்பு முனைக்கும் நடுவே குத்தி நின்றது. போனும், அவர் தன் பட்டறையிலேயே தைத்துப் போட்ட தோல் உறையும், உறைக்குள் சொருகிய கார்டுகளும் சேர்ந்து 290 கிராம். 2000 இல் வந்த நோக்கியா 3310 வெறும் 133 கிராம், நீளமும் 11 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம்தான். இப்போதைய போன்களில் எடையைவிட நீளம்தான் வம்பு. பாக்கெட்டுக்குள் ஆழம் போதாமல் முனை கவட்டை மடிப்பைத் தாண்டி மேலே நிற்கிறது.

லோக்கலை மறந்துவிடக்கூடாது. மும்பை ரயிலின் உச்ச நேர நெரிசலை ஒரு சதுர மீட்டருக்கு 14 முதல் 16 பேர் என்று கணக்குச் சொல்வார்கள். அந்தக் கூட்டத்தில் ஜேப்படிக்குப் பயந்து ஒரு கையால் பாக்கெட்டை அழுத்திப் பிடித்தபடி நிற்பது ஊர்ப்பழக்கம். கல்யாணிலிருந்து சயான்வரை அப்படி நிற்பவர் நரம்பின் மேல் போனைத் தானே அழுத்திப் பிடித்துக்கொண்டு வருகிறார்.

ஸ்டிக்கர் கதை

போனின் முதுகில் தங்க நிறத்தில் ஒரு வட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கதிர்வீச்சைத் தடுக்குமாம். மச்சான் இணையத்தில் வாங்கிக்கொடுத்தது. "அதை ஒட்டின வாரமே பாதி வலி போயிருச்சு. அப்புறம் அதுக்கு சக்தி தீர்ந்துபோச்சு போல" என்றார். எந்த வாரம் என்று துருவினேன். கணபதி வாரம். பட்டறைக்கு லீவு, பெரும்பாலும் வீட்டில் இருந்திருக்கிறார், லுங்கியில். விழா முடிந்து வேலைக்குத் திரும்பியதும் ஸ்டிக்கரின் சக்தியும் தீர்ந்துவிட்டது.

அலை பற்றி அவருக்கு நிறையத் தெரிந்திருந்தது. *#07# அழுத்தி அந்தப் போனின் கதிர் உறிஞ்சு அளவை, அதாவது அதன் அலையை உடல் எவ்வளவு உறிஞ்சும் என்பதைக் காட்டினார். நம் நாட்டில் எல்லை ஒரு கிராம் திசுவின் சராசரியில் கிலோவுக்கு 1.6 வாட். 2012 முதல் இது நடப்பில் இருக்கிறது. அவருடைய போன் அதற்குள்தான் இருந்தது. "எல்லைக்குள்ள இருந்தா வலிக்காதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. 4ஜி போன் அதிகபட்சமாக வெளியிடுவது சுமார் 0.2 வாட், அதுவும் சிக்னல் மோசமாக இருக்கும்போது. பாக்கெட்டில் சும்மா கிடக்கும் போன் இடையிடையேதான் அலை அனுப்பும். தோலுக்குச் சூடு தெரிந்தால் அது பெரும்பாலும் பேட்டரியும் சிப்பும் கக்கும் சூடு. 2011 இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்த அலைகளைப் "புற்றுநோய் உண்டாக்கக்கூடியவையாக இருக்கலாம்" என்ற 2பி பட்டியலில் சேர்த்தது உண்மை. வாட்ஸ்அப்பில் சுற்றுவதும் அந்த வரிதான். அது புற்றுநோய் பற்றிய எச்சரிக்கை, வலி பற்றியது அல்ல.

வலி பற்றி நேரடியாகவே சோதித்திருக்கிறார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் போன் அலையால் தலைவலி வருவதாகச் சொன்ன 60 பேரையும், அப்படிச் சொல்லாத 60 பேரையும் வைத்துச் செய்த சோதனை 2006 இல் வெளியானது. இரண்டு நாள் உண்மையான அலை, ஒரு நாள் அலையே இல்லாத பொய்ச் சாதனம். எது எந்த நாள் என்று அவர்களுக்குத் தெரியாது. அலை வருவதாக நம்பியவர்களுக்குத் தலைவலி உண்மையாகவே வந்தது, சாதனம் பொய்யாக இருந்த நாளிலும். வந்தது வலிதான், நடிப்பு இல்லை. பயத்துக்கும் வலி உண்டாக்கும் திறன் இருக்கிறது.

இவரிடம் நான் இதையெல்லாம் விரித்துச் சொல்லவில்லை. படித்த படிப்பைக் காட்டி ஒருவர் வலியை மறுத்துப் பேசினால், அவர் அடுத்த ஸ்டிக்கரை வாங்கப் போவார். போனும் பெல்ட்டும் லுங்கியும் ஒன்றாகவே வந்து ஒன்றாகவே போகின்றன. அதனால் அவற்றைப் பிரித்துப் பார்க்கலாமா என்றுதான் கேட்டேன். சம்மதித்தார்.

மூன்று உறைகள்

முதலில் ஒன்றே ஒன்றை மாற்றினோம். அதே பெல்ட், அதே பேன்ட், அதே ரயில், ஆனால் போன் மட்டும் குறுக்கே மாட்டும் சிறு பையில். பையை நெஞ்சுக்கு முன்னால் போட்டுக்கொள்ளச் சொன்னேன், அது திருட்டுப் பயத்துக்கு. பத்து நாளுக்குப் பிறகு சாயந்திர வலி ஏழிலிருந்து மூன்றுக்கு வந்திருந்தது. அவருக்கு இது அலைக்கு எதிரான வெற்றியாகவே பட்டது. "தூரமா வச்சோம்லா?"

அடுத்ததற்குத் தோல் பட்டறை கைகொடுத்தது. வேறொரு ஊரில் இருந்திருந்தால் இப்படி ஒரு சோதனை எனக்குத் தோன்றியே இருக்காது. போன் அளவுக்கு ஒரே மாதிரி மூன்று தோல் உறைகள் தைத்து, வாயைப் பட்டனால் மூடினார்கள். அலுமினியத் தகடு ஒன்றைப் போனின் நீள அகலத்துக்கும் எடைக்கும் வெட்டி வாங்கினார். ஆர்டர் அழைப்புகள் பையிலிருந்த இன்னொரு போனுக்கு. சத்தமும் அதிர்வும் மட்டும் அணைத்த, ஓடுகிற போன் ஒன்று, விமானப் பயன்முறையில் வைத்த அதே மாடல் போன் ஒன்று, தகடு ஒன்று. காலையில் எந்த உறையை எடுத்துக் கொடுப்பது என்று மதினிதான் முடிவு செய்து நோட்டில் குறித்துக்கொள்வார். நோயாளிக்கும் சொல்லக்கூடாது, எனக்கும் சொல்லக்கூடாது. சாயந்திரம் அவர் வலி எண்ணைச் சொல்லிவிட்டு, உள்ளே என்ன இருந்தது என்றும் ஊகிக்க வேண்டும். வலியை வேண்டுமென்றே திரும்ப வரவழைக்கிறோம் என்பதால், தாங்கவில்லையென்றால் அன்றைக்கே நிறுத்திவிடலாம் என்று பேச்சு.

நோட்டைத் திறந்தபோது மூன்று உறைக்கும் வலி எண் ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவேதான் இருந்தது. அலுமினியத் தகடு, ஓடுகிற போன் அளவுக்கே வலித்திருந்தது. ஊகங்கள் குருட்டாம்போக்கில் சரியாக வரக்கூடிய அளவுக்கே சரியாக வந்திருந்தன. ஒரு தகடு நாளில் "இன்னைக்கு அலை ரொம்ப ஜாஸ்தி" என்று சொல்லியிருக்கிறார். மதினி அதைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில், அவர் முதலில் கோபப்பட்டு அப்புறம் தானும் சிரித்தார்.

ஒரு ஆளை வைத்துச் செய்த சோதனை இது. ஓடுகிற போன் லேசாகச் சுடும், தகடு சுடாது, அதை அவர் கவனித்திருக்க வழி உண்டு. ஆனாலும் கவனித்திருந்தால் ஊகம் நன்றாக வந்திருக்க வேண்டும். எல்லாருடைய கேள்விக்கும் இது பதில் ஆகாது. இந்தத் தொடைக்குப் போதும்.

வலியின் எல்லையும் அதையேதான் சொன்னது. போன் இருந்தது கவட்டை மடிப்பில், எரிந்தது அதற்குக் கீழே வெளித்தொடை. நான் பேனாவால் வரைந்த முட்டை வடிவம் அந்த நரம்பு பரவும் தோல்பகுதியோடு பொருந்தியது, போனின் வடிவத்தோடு அல்ல.

கடைசியாகப் பெல்ட். பையிலேயே போன் இருக்க, பெல்ட்டை இரண்டு ஓட்டை தளர்த்தி, இடுப்பில் மடிப்பு வைத்த தளர்வான பேன்ட்டுக்கு மாறச் சொன்னேன். மூன்றாக நின்றிருந்த வலி ஒன்றானது. ஆக போன் மட்டுமே காரணம் என்று எழுதினால் பெல்ட் தப்பித்துக்கொள்ளும். தொப்பையும் பெல்ட்டும் நரம்பை ஏற்கெனவே நெருக்கி வைத்திருந்தன, போனின் முனை மேலும் அழுத்தியது. மெலிந்த ஒருவர் இதே போனை இதே பாக்கெட்டில் ஆயுள் முழுக்கச் சுமந்தும் ஒன்றும் ஆகாமல் இருக்கலாம்.

பெல்ட்டைத் தளர்த்தச் சொன்னதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. பெல்ட் விற்கிறவர் பெல்ட் தொங்கப் போனால் கடைக்காரன் என்ன நினைப்பான் என்றார்.

போனைச் சுமப்பதால் வரும் மற்ற வலிகளைப் பற்றியும் கேட்பார்கள். பின்பாக்கெட்டில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்தால் பிட்டத்து நரம்பு நசுங்கி, கால் பின்பக்கம் இழுக்கும். கார்டு அடைத்த தடி பர்ஸால் இப்படி வருவதை 1978 இலேயே ஒரு மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள், இப்போது பர்ஸின் இடத்தில் போன். முழங்கையை மடக்கியபடி நெடுநேரம் பேசினால் மோதிரவிரலும் சுண்டுவிரலும் மரக்கும். தலை குனிந்து பார்ப்பது பற்றி, 60 டிகிரி குனிந்தால் கழுத்தில் 27 கிலோ பாரம் என்று ஒரு படம் சுற்றுகிறது. அது 2014 இல் ஒருவர் கணித மாதிரியில் போட்ட கணக்கு, யார் கழுத்திலும் அளந்தது அல்ல. கழுத்து வலிக்காது என்று இதற்கு அர்த்தம் இல்லை, அந்த எண்ணைப் பார்த்து நடுங்க வேண்டாம், அவ்வளவுதான்.

சட்டைப் பாக்கெட்டுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று இவரும் கேட்டார். இவருக்குத் தடை இல்லை. நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு மட்டும் அங்கே வேண்டாம் என்பேன். காந்தம் உள்ள புதிய போன்களை அந்தக் கருவியிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி வைக்கச் சொல்லித் தயாரித்தவர்களே அறிவுறுத்துகிறார்கள்.

சிகிச்சை என்று பெரிதாக எதுவும் இல்லை. கவட்டை முன்பக்கத் தசைகளுக்கு நீட்டல் பயிற்சி, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நடை, சோற்றைக் குறைத்து எடை இறக்கம். நரம்பு மாத்திரையை எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாக நிறுத்தினார். இப்படி நெருக்கத்தை எடுத்துவிட்டாலே பெரும்பாலானவர்களுக்கு வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். ஆகாதவர்களுக்கு நரம்பின் பக்கத்தில் மரப்பு ஊசி, ஸ்டீராய்டு ஊசி உண்டு. அறுவை சிகிச்சைவரை போவது அபூர்வம். கால் வலுவிழந்தாலோ, வலி முட்டியைத் தாண்டி இறங்கினாலோ, இரண்டு பக்கமும் மரத்தாலோ, போனையும் பெல்ட்டையும் விட்டுவிட்டு வேறு காரணம் தேட வேண்டும்.

கடைசியாகப் பார்த்தபோது எரிச்சல் நின்றிருந்தது. உள்ளங்கை அளவு மரப்பு எலுமிச்சை அளவுக்குச் சுருங்கியிருந்தது. நரம்பு மெதுவாகத்தான் தேறும், அதற்கு இன்னும் நாள் ஆகும் என்று சொல்லியிருக்கிறேன். இடுப்புச் சுற்றளவு 101 சென்டிமீட்டர். ஸ்டிக்கர் இன்னும் போனில் இருக்கிறது. ஒட்டினால் போன் எடை கூடாது என்பதால் எனக்கும் ஆட்சேபணை இல்லை. ஹெச்பிஏ1சி சோதனை மூன்று மாதத்தில் திரும்ப எடுக்க வேண்டும், அந்தத் தேதியை மதினி தன் நோட்டில் குறித்துக்கொண்டார்.